விசாரணை அறையில் எப்படி நடந்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். புதிதாக வரும் எஸ்.ஐ.க்களுக்கு எப்போதாவது வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். அங்கே "ஐயா" என்று ஆரம்பித்துக் கேட்பதையே, காலையில் நடந்துவிட்டு வரும்போது டீக்கடையில் "அண்ணாச்சி" என்று ஆரம்பித்துக் கேட்கிறார்கள். முன்னவர்களுக்கு அடிக்காமல் வேலை நடக்குமா என்ற சந்தேகம். பின்னவர்களுக்கு அடித்தால் யாரிடம் போவது என்ற பயம். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றினேன்.

அண்ணாச்சி, "விசாரணைக்கு வாருங்கள்" என்றால் கைது என்று அர்த்தமா?

இல்லை. நம் பக்கம் கல்யாண வீட்டில் "அம்மாவை ரொம்ப விசாரித்தேன் என்று சொல்லுங்கள்" என்றால் அது அன்பு. அதே சொல்லை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது. சட்டத்தில் விசாரணை வேறு, கைது வேறு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது ஏன் தேவை என்று காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. கைது தேவைப்படாதபோது எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35-ஆம் பிரிவு. நோட்டீஸை வாங்கி, சொன்ன நாளில் போய் நின்றால் பெரும்பாலும் கைதுக்கு வேலை இருக்காது.

வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் "நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன்" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது குற்றமல்ல.

தம்பி கிடைக்கவில்லை என்று அப்பாவைக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறார்கள். அது சரியா?

சரியல்ல. மகனுக்குப் பிணையாக அப்பனை வைக்க எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. வழக்கின் விவரம் தெரிந்தவர் என்ற முறையில் கேட்க வேண்டுமானாலும், அறுபது வயதைக் கடந்தவர்கள், பதினைந்துக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். அவர்களாக விரும்பி வந்தால் வரலாம். வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆளை விட மறுத்தால், பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் போடலாம். அதற்கு முன் எஸ்.பி. அலுவலகத்துக்கோ கமிஷனர் அலுவலகத்துக்கோ ஒரு தந்தியைப் போல் சுருக்கமாக, நேரம் குறிப்பிட்டு, எழுத்தில் ஒரு புகார் போய்ச் சேரட்டும். பெரும்பாலும் அந்தத் தாளிலேயே வேலை முடிந்துவிடும்.

ஐயா, அடிக்காமல் யார் உண்மையைச் சொல்வார்கள்?

நான் புது எஸ்.ஐ.யாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். வாழைத்தோட்டங்களில் பம்புசெட் மோட்டார்கள் வரிசையாகத் திருட்டுப்போயின. லோடு ஏற்றும் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வந்தோம். அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார். மோட்டார் எங்கே என்றதும் ஒரு கிணற்றைச் சொன்னார். ஜீப்பில் கூட்டிப்போய், கயிறு கட்டி ஆள் இறக்கிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் மறுபடி அடி. குளத்தங்கரை உடைமரப் புதர் என்றார். அங்கேயும் இல்லை. இப்படி நான்கு இடம், விடியும்வரை. பத்து நாள் கழித்து மோட்டார்கள் வேறொரு தாலுகாவில் வேறொரு கும்பலிடம் சிக்கின. இவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏன் அப்படி இடம் இடமாகக் காட்டினீர் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "ஜீப்பில் போகிற நேரமாவது அடி விழாது அல்லவா ஐயா" என்றார்.

வலி தாங்காதவர், அடி நிற்பதற்கு எது தேவையோ அதைச் சொல்வார். உண்மை தெரிந்தவரும் அப்படித்தான், தெரியாதவரும் அப்படித்தான். இரண்டு பேருடைய பேச்சும் நம் காதில் ஒரே மாதிரி விழும். அந்தப் பத்து நாளில் அசல் கும்பல் இன்னும் மூன்று தோட்டங்களில் கைவைத்திருந்தது. அந்த விவசாயிகளுக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் சில பேர் அடித்ததும் சரியாகத்தான் ஒத்துக்கொள்கிறார்கள். கோர்ட்டில் அது செல்லாதா?

செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. ஒப்புதல் சட்டப்படி நிற்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னால், "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை" என்று அவர் எச்சரித்த பிறகு, தானாகச் சொன்னதாக இருக்க வேண்டும்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் யாரும் கை தூக்குவதில்லை. இதற்கு நம் மாகாணத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதையை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை கொடுத்தது. அதில் கிட்டியும் அண்ணாந்தாளும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. கிட்டி என்பது ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரல்களை வைத்து நெருக்குவார்கள். அண்ணாந்தாள், ஆளை வளைத்துக் கட்டி அசைய முடியாமல் நிறுத்துவது. ஆறு ஆண்டு கழித்து, 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று எழுதினார்கள். 1872-இல் அது சாட்சியச் சட்டத்துக்குப் போனது. வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையை இன்றுவரை நாம் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

சரி ஐயா, அரிவாளை எடுத்துக் கொடுத்தான் என்று காட்டினால் போதும்தானே?

பலரும் சாய்ந்து நிற்கிற சுவர் இது. அவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், சொன்னதில் அந்தப் பொருளோடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். "கால்வாய்க் கரையில் அரிவாளை ஒளித்து வைத்தேன்" என்பது நிற்கும். "அதனால்தான் வெட்டினேன்" என்பது நிற்காது. 1946-இல், அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், புலுகுரி கோட்டையா வழக்கில் போட்ட கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

பறிமுதலுக்கு எழுதும் மகஜர் பத்திரத்தில் எப்போதும் அதே இரண்டு சாட்சிகள், எப்போதும் அதே வாசகம் என்றால் குறுக்கு விசாரணையில் வக்கீல் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார். இப்போது பறிமுதலை வீடியோவில் பதிவு செய்வதும் கட்டாயம். வீடியோவில் கைதியின் முகம் வீங்கியிருந்தால் அதுவும் பதிவாகும்.

வி.ஏ.ஓ. முன்னால் சரணடைந்து ஒப்புக்கொண்டதாக எழுதினால்?

நம் ஊர்க் குற்றப்பத்திரிகைகளில் வி.ஏ.ஓ.க்கள் படும் பாடு தனிக் கதை. முன்பின் அறிமுகமில்லாத ஒருவர், காலையில் எழுந்து, ஊரில் இத்தனை பேர் இருக்க, கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய்க் கொலையைச் சொன்னார் என்றால் நீதிபதி ஏன் நம்ப வேண்டும்? இப்படி வெளியாரிடம் சொன்ன ஒப்புதல் சட்டப்படி சான்றுதான். ஆனால் பலவீனமான சான்று. வேறு ஆதாரம் தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடும்.

பின் எப்படித்தான் கேட்பது? முறை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்தில் அடித்தும் மிரட்டியும் வாங்கிய வாக்குமூலத்தால் நிரபராதிகள் சிறை சென்றது அம்பலமானது. பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேர் பதினாறு ஆண்டு உள்ளே இருந்துவிட்டு 1991-இல் வெளியே வந்தார்கள். அதை ஒட்டி அங்கே போலீஸுக்கு 'பீஸ்' (PEACE) என்ற முறையைக் கற்பித்தார்கள். முதலில் தயாராவது; பிறகு ஆளோடு பேச்சைத் தொடங்கி, எதற்கு வந்திருக்கிறார் என்று விளக்குவது; அவர் கதையை முழுவதும் சொல்ல விட்டு, அதன் பின் முரண்களைக் கேட்பது; முறையாக முடிப்பது; கடைசியில் நாம் கேட்டது சரியா என்று நாமே பார்த்துக்கொள்வது. ஐ.நா.வின் சித்திரவதை குறித்த முன்னாள் சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ் பெயரால் 2021-இல் வந்த கொள்கைகளும் இதே பாதைதான்.

எனக்குப் பிடித்தது முதல் படி. ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவன்று பக்கத்து ஊர் வீடொன்றில் நகை போனது. நாங்கள் சந்தேகப்பட்டவர், கொடையில் இருந்தேன் என்றுதான் சொல்வார் என்று தெரியும். அதனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன் நானும் ரைட்டரும் கோயில் கமிட்டியாரிடம் போய் அன்று இரவு நடந்ததை மணிவாரியாக எழுதிக்கொண்டோம். நோட்டீஸில் பத்து மணிக்கு வில்லுப்பாட்டு என்று இருந்தது. ஆனால் பாட்டுக்காரர்கள் வந்த வேன் வழியில் நின்றுபோய், அவர்கள் வந்து சேர்ந்ததே இரண்டு மணிக்கு. அதுவரை வெறும் நையாண்டி மேளம்.

இதை அவரிடம் மூச்சுவிடவில்லை. "சாயங்காலத்திலிருந்து விடியும்வரை சொல்லுங்கள், அவசரமில்லை" என்றோம். பத்தரை மணிக்கு வில்லுப்பாட்டுக்கு முன்வரிசையில் உட்கார்ந்ததையும், குடத்தில் அடித்தவரின் சட்டை நிறத்தையும்கூடச் சொன்னார். குறுக்கே பேசவில்லை. எழுதி, படித்துக் காட்டி, "விட்டுப்போனது ஏதும் உண்டா" என்று கேட்டோம். இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் வேன் நின்ற கதையை எடுத்து வைத்தோம். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் சொன்னது கோர்ட்டில் சான்றாகாது. ஆனால் எந்த நான்கு மணி நேரத்தை அவர் மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. மீதியைச் செல்போன் கோபுரப் பதிவும் ஓர் அடகுக்கடைச் சீட்டும் சொல்லின.

திருடனைப் போய் "வாங்க" என்று கூப்பிடச் சொல்கிறீர்களா?

அவர் திருடன் என்று தீர்ப்பு வந்துவிட்டதா? வரவில்லை அல்லவா. வயதில் மூத்தவரை "நீங்கள்" என்றும், சின்னப் பையனைப் பெயர் சொல்லியும் கூப்பிடுங்கள். "டா" வேண்டாம். முக்கியமாக, சாதிப் பெயரையோ தெருப் பெயரையோ வாயில் எடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் அந்த ஒரு சொல்லில் விசாரணை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் பேசினாலும் உங்களிடம் பேச மாட்டார், அந்த அவமானத்தோடுதான் பேசிக்கொண்டிருப்பார். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்கள் மேலேயே பாயலாம்.

ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தால்?

உட்கார்ந்திருக்கட்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 20(3) சொல்கிறது. அது கோர்ட்டுக்கு மட்டுமல்ல, போலீஸ் விசாரணைக்கும் பொருந்தும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் தீர்ப்பானது. எந்தக் கேள்விக்கு மௌனம், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போங்கள். அவர் பேசாவிட்டால் வழக்கே நிற்காது என்றால், வேலையை நாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வக்கீல் கூடவே உட்காரலாமா அண்ணாச்சி? எங்களுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை.

விசாரணையின்போது விரும்பிய வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு; ஆனால் விசாரணை நேரம் முழுக்கக் கூடவே இருக்கும் உரிமை இல்லை. பி.என்.எஸ்.எஸ். 38-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வசதி பற்றிக் கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால்?

போடாதீர்கள். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். கைதுக் குறிப்பில் மட்டும் கையெழுத்து உண்டு; அதில் நேரமும் தேதியும் நிரப்பியிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். குடும்பத்தாரோ உள்ளூர்க்காரரோ ஒருவர் சாட்சியாகவும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் இது ஒன்று.

பொய் சொல்லிப் போட்டு வாங்கலாமா ஐயா? "உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்" என்று?

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். "ஒத்துக்கொள், ஜாமீனில் விட்டுவிடுகிறேன்", "இல்லாவிட்டால் உன் பெண்டாட்டியையும் சேர்ப்பேன்" என்பவை நேரடியாகவே தடை: ஆசை காட்டுவதும் மிரட்டுவதும் வாக்குறுதி தருவதும் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கூட்டாளி பொய்யில் வேறொரு ஆபத்து. கூட்டாளிக்கு அவ்வளவு தெரியாது என்று இவருக்குத் தெரிந்திருந்தால், உங்கள் கையில் ஒன்றுமில்லை என்பதை நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். கொடை விஷயத்தில் நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்ல வைக்கும் ஊசி, பொய் கண்டுபிடிக்கும் கருவி?

சம்மதமில்லாமல் கூடாது. 2010, செல்வி வழக்கு, உச்ச நீதிமன்றம்.

இருபத்துநான்கு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? "கைது காட்டியது" இன்றுதான் என்கிறார்களே?

கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். "காட்டுவது" என்ற சொல்லே நம் துறையின் கண்டுபிடிப்பு. செவ்வாய்க்கிழமை கூட்டிவந்து வியாழக்கிழமை காட்டுவார்கள். தாளில் எழுதிய நேரத்தைப் பார்க்காமல், அவர் வீட்டுக்குப் போக முடியாமல் போன நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு.

இளம் எஸ்.ஐ.க்களுக்கு ஒன்று: முதல் ராத்திரியே முடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில்தான் கை நீளுகிறது. தேவையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் காரணம் சொல்லிப் போலீஸ் காவல் கேட்கலாம். மொத்தம் பதினைந்து நாள், அதையும் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். தூங்காத ஆளிடம் தூங்காத அதிகாரி கேட்டு என்ன கிடைக்கும்?

"பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று மாவுக்கட்டோடு போட்டோ வருகிறதே?

கைதிகள் மட்டும் வழுக்கி விழும்படி ஸ்டேஷன் கழிவறைகளைக் கட்டியிருக்கிறார்களா என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் போட்டோவுக்குக் கைதட்டுகிறவர்கள், லோடுக்காரரை நினைத்துக்கொள்ளட்டும்.

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது, வெளியே நிற்கும் காவலரைப் பார்த்துப் பயப்படாமல் எங்கே வலி என்று சொல்லுங்கள். பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லுங்கள். ஸ்டேஷன் முழுக்க, லாக்கப் உட்பட, ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவானது. பதிவைக் கேட்டு மனுவைச் சீக்கிரம் போடுங்கள். கேமராக்கள் பழுதாகிற நாட்களுக்கென்று தனிப் பஞ்சாங்கம் இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடப் பையன் என்றால்?

பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறார்களுக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி, சீருடை இல்லாமல் பேச வேண்டும். பெற்றோருக்குத் தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதில் சந்தேகம் இருந்தால் பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள். மீசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மேலதிகாரி அடிக்கச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும் ஐயா?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, தனியாக வந்து கேட்கும் கேள்வி இது. ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை தண்டனை, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 120-ஆம் பிரிவு. மேலே இருப்பவர் சொன்னார் என்பது அதிலிருந்து காப்பாற்றாது.

சாத்தான்குளம் 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். 2020 ஜூனில் அங்கே அப்பாவும் மகனும் காவலில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது அவர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டு. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் அன்றிரவு நடந்ததைச் சொன்னவர், அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். 2023-இல் அம்பாசமுத்திரம் பக்கம் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, ஐ.ஏ.எஸ். அதிகாரி விசாரித்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இந்த இரண்டு பெயரையும் சொன்னால் வகுப்பில் யாரும் செல்போனைப் பார்ப்பதில்லை.

செய்யக்கூடியது சின்னதுதான்: "ஐயா, எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த அறையைவிட்டு வெளியே வந்து, வந்த நேரத்தைப் பொது நாட்குறிப்பில் எழுதுங்கள். மாறுதல் வரலாம். எனக்குத் தெரிந்து, அப்படி எழுதிய ஒருவருக்கு மலையடிவாரத்துக்கு மாறுதல் வந்தது. பிள்ளைகள் படிப்பு கெட்டது. அதை மறைக்க மாட்டேன்.

நீங்கள் சர்வீஸில் அடித்ததே இல்லையா?

அடித்திருக்கிறேன். மோட்டார் கதையில் "பிடித்து வந்தோம்" என்று எழுதினேனே, அதில் நானும் உண்டு. லத்தி என் கையில் இல்லை. கதவைச் சாத்தியது நான். அதற்குப் பிறகும் ஓரிரு முறை கையோங்கியிருக்கிறேன். சரியான ஆளைக் கண்டுபிடித்ததாக நினைவில் இருக்கும் வழக்குகளில் ஒன்றிலும் அது உதவவில்லை.

விசாரிக்கிற ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கலாமா? சலுகை காட்டியதாக ஆகாதா?

கொடுங்கள். காவலில் இருப்பவரின் உடல்நலம் நம் பொறுப்பு. சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும் சலுகையில் சேராது. வாங்கிக் கொடுத்ததை நேரத்தோடு எழுதுவது மட்டும் முக்கியம். கொடைக்காரர் வழக்கின் கேஸ் டைரியில் என் கையெழுத்தில் இருக்கிறது: மாலை 4.20, டீ ஒன்று, ஆமவடை இரண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, யார் காசு என்று கேட்டார். என் காசு என்றேன்.